நான் வரேக்க அவர் கிடந்தவர்

வீதியில் ஒருவர் விழுந்தால் சுற்றிவர ஆட்கள் கூடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிக் கூடியவர்களைக் கீழே கிடந்தபடி பார்த்தவர் எழுதியதை நான் வாசித்ததில்லை. நான் பார்த்தவன். முதலில் தெரிவது செருப்புகள். பிறகு சாரத்தின் கரைகள், காற்சட்டைகள், அவற்றுக்கும் மேலே எங்கேயோ முகங்கள். அந்த முகங்களில் அரைவாசிப் பேரை எனக்குப் பெயரோடு தெரியும். இன்றைக்கும் தாங்க முடியாமல் இருப்பது அதுதான்.

நான் திருகோணமலையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்வேன். சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன். மனைவி காலமாகிவிட்டாள். ஓர்ஸ் ஹில்லில் மகள் வாசுகியோடு இருக்கிறேன். அவள் ஆசிரியை. அவள் பள்ளிக்கூடம் போனதும் நான் இறக்கத்தால் நடந்து, உட்துறைமுகப் பக்கம் இருக்கும் ஓட்டோ தரிப்பிடத்துக்குப் போவேன். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. ஓட்டோக்காரர்களோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம்.

அன்றும் அப்படித்தான் போனேன், வாழைப்பழத்தை முதலே வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். நியாஸ் என்ற ஓட்டோக்காரர் பக்கத்தில் நின்றார். கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் பாலம் தாண்டி வந்து ஓடுகிறவர். தன் மகளை எந்தப் பாடம் படிக்க விடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் சொற்கள் போய்விட்டன. நாக்கு அசைந்தது, சத்தமும் வந்தது, ஆனால் அது எந்த மொழியுமில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் சம்பாதித்தவன் நான். நியாஸ் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வலது கையிலிருந்த கோப்பை தானாக நழுவியது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்விடுவோம் என்று எழுந்து நடந்தேன். வலது கால் வரவில்லை. விழுந்தேன். நெற்றி தார் ரோட்டில் உரஞ்சி இரத்தம் வந்தது.

இது பாரிசவாதம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி ஒன்று அடைத்து, அதற்கப்பால் உள்ள பகுதி இரத்தமில்லாமல் சாகத் தொடங்குகிறது. எனக்குச் செத்தது இடது பக்க மூளையில், பேச்சு இருக்கிற பகுதி. கேட்பது எல்லாம் விளங்கும். சொல்ல ஏலாது. இதை வாசிப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டியது இதைத்தான்: பேசாமல் கிடக்கிறவருக்குக் காது கேட்கும்.

எனக்குக் கேட்டது. காலங்காத்தாலயே போட்டிட்டார் போல என்று ஒரு குரல். நான் வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், யாராவது அம்புலன்சுக்குப் போன் அடித்திருப்பார்கள் என்றார். அடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. வேறொருவர் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நகரத்தில் திரிகிற மான்களில் ஒன்று வந்து என் பையிலிருந்த வாழைப்பழத்தை இழுத்தது. அப்போது மட்டும் ஒரு இளந்தாரி முன்னுக்கு வந்தான். மானைத் துரத்தினான், பையை எடுத்து என் கைக்குக் கிட்ட வைத்தான், கையைத் தொடாமல் திரும்பிப் போனான். சிரிப்புச் சத்தம் கேட்டது. வாழைப்பழத்தைக் காப்பாற்ற ஒருவன் இருந்தான்.

இந்த ஊரில் விழுந்து கிடப்பவனைப் பார்க்காததுபோலக் கடந்து போகவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. நின்று பார்த்தவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன யுத்த காலம். அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் எங்கள் ஆட்களுக்குச் சாட்டுத் தேடுகிறோம். எனக்கு அந்தச் சாட்டு வேண்டாம். அன்று என்னைச் சுற்றி நின்றவர்களில் பலர் அந்த நாட்களில் கைக்குழந்தைகள். அவர்களுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

நியாஸ் குனிந்து என் தோளைப் பிடித்தார். அப்போது ராசன் குறுக்கே வந்தான். தரிப்பிடத்தின் தலைவன் அவன்.

"தொடாதை நியாஸ். தலையில ரத்தம் வருது. உன்ர ஓட்டோ அடிச்சதெண்டுதான் முடியும். ஐயாதானே சொல்லித் தந்தவர்."

ஐயா என்று அவன் சொன்னது என்னைத்தான்.

இதை இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் அந்தத் தரிப்பிடத்து ஓட்டோக்காரர் ஒருவர், கப்பல்துறைப் பக்கம் கண்டி வீதியில் அடிபட்டுக் கிடந்த சைக்கிள்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அடித்தது நீதான் என்று அவர்மேலேயே சந்தேகம் வந்தது. பிறகு சாட்சியாக்கினார்கள். தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்கு வந்து, நாள் முழுக்கக் குந்தியிருந்து, விசாரணை எடுக்காமலே திரும்பிப் போனார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது கேள்விகளைத் தமிழாக்கியவன் நான். எவ்வளவு தூரத்தில் நின்றாய், எத்தனை மணி, மணிக்கூடு பார்த்தாயா, பார்க்காமல் எப்படித் தெரியும். கடைசியில் அந்த மனிதர் சாட்சிக் கூண்டில் நின்று அழுதார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதையைத் தேத்தண்ணிக் கடையில் நான் அடிக்கடி சொல்வேன். நன்றாகவும் சொல்வேன், எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவில் ஒரு புத்திமதி. விழுந்தவனைத் தொடாதையுங்கோ, பொலிஸ் வரட்டும். தொடவேண்டி வந்தாலும், எப்போது கண்டாய் என்று யார் கேட்டாலும் ஒரே ஒரு வசனம்தான்: நான் வரேக்க அவர் கிடந்தவர். நான் வரும்போதே விழுந்து கிடந்தார், அவ்வளவுதான்; அதற்கு மேல் வாய் திறந்தால் சாட்சி. இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். சட்டத்தரணி மாதிரி நான் குறுக்குக் கேள்வி கேட்பேன், அவர்கள் அந்த வசனத்தால் மறுமொழி சொல்வார்கள். பெரிய விளையாட்டாக இருந்தது. அவர்கள்மேல் இரக்கத்தில்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது. மதிப்போடு கேட்க ஆட்கள் இருந்த சந்தோசம் அதைவிடக் கூடுதல்.

பொலிஸ் வரக் காணவில்லை. நியாஸ் சுற்றிவரப் பார்த்தார். காலில பிடிங்க என்று ராசனிடம் கேட்டார். ராசன் அசையவில்லை. வேறு ஒருவரும் அசையவில்லை. அவர் தனியாக என் கக்கத்துக்குள் கை கொடுத்து இழுத்து ஓட்டோவுக்குள் ஏற்றினார். ஒரு செருப்பு ரோட்டில் கழன்று போனது. ஆஸ்பத்திரி போகும்வரை ஒரு கையால் ஓட்டி, மற்றக் கையைப் பின்னால் நீட்டி என் சேர்ட்டைப் பிடித்தபடி வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் ஒரு பொலிஸ்காரர் இருப்பார். காயத்தோடு வருகிறவர்களைப் பதிவது அவர் வேலை. என் நெற்றியைக் கண்டதும் எழுந்து வந்தார். டொக்டரும் வந்தார். இளம் பெண், சிங்களப் பிள்ளை, தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். என் கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். வலது கை எழும்பவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்தது. பிறகு நியாஸிடம் திரும்பினார்.

"எப்ப இப்பிடி ஆனது? கடைசியா இவர் நல்லா இருந்ததைக் கண்டது யார்? சரியான நேரம் வேணும்."

எனக்கு அந்தக் கேள்வி விளங்கியது. அதற்கான மறுமொழி நியாஸின் வாயில் இருப்பதும் தெரியும். என் கோப்பை விழுந்தது அவருடைய காலடியில். நியாஸ் டொக்டரைப் பார்த்தார், பொலிஸ்காரரைப் பார்த்தார்.

"நான் வரேக்க அவர் கிடந்தவர்" என்றார்.

கிண்ணியாக்காரர் அவர், வரக்குள்ள என்றுதான் பேசுவார். வரேக்க என்றது என் பேச்சு. என் வசனத்தை என் வாயால் சொல்வதுபோலவே சொன்னார். டொக்டர் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னார். நான் கத்தினேன். மாட்டின் சத்தம் போல ஒன்று வந்தது. நோயாளி பதட்டப்படுகிறார் என்று தாதி என் நெஞ்சைத் தடவிவிட்டார்.

பிறகு ஸ்கான். தலையை ஒரு வளையத்துக்குள் விட்டு மூளையைப் படம் எடுக்கிறார்கள், நோவில்லை. இரத்தம் கசியவில்லை, அடைப்புத்தான் என்று சொன்னார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது. நோய் தொடங்கி முதல் சில மணித்தியாலங்களுக்குள் போட்டால் கை கால் திரும்ப வர நல்ல வாய்ப்புண்டு. பிந்திப் போட்டால் மூளைக்குள் இரத்தம் பெருகி ஆள் போகவும் கூடும். அதனால் தொடங்கிய நேரம் தெரியாதவர்களுக்கு அதைப் போடமாட்டார்கள். எனக்கு நேரமிருந்தது. அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. டொக்டர் செய்தது சரி. வாசுகியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள், அதற்குள் மத்தியானம். தான் வெளிக்கிடும்போது அப்பா நல்லாக இருந்தார் என்று அவள் சொன்னாள். அந்த நேரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் ஊசிக்கான காலம் கடந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாட்டு நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, ஆனால் எழுதவேண்டும். முதலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தந்து விழுங்க முடிகிறதா என்று பார்த்தார்கள். இருமினேன். அதனால் மூக்கால் குழாய் போட்டுப் பால். நான் அவமானப்பட்டது அதற்கல்ல, சிறுநீர்ப் பையை மகள் பார்க்கிறாளே என்பதற்கு. அவள் அதைச் சொல்லாமலே விளங்கிக்கொண்டு, வந்ததும் அந்தப் பையைப் போர்வையால் மூடிவிட்டுத்தான் கதிரையில் இருப்பாள். குழாய் எடுத்த பிறகு உழுந்தங்கஞ்சி கொண்டுவந்தாள். தடித்த கஞ்சிதான் எனக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு வாயையும் விழுங்கிய பிறகு என் தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. பள்ளிக்கூடத்துக் கொப்பிகளை என் கால்மாட்டில் வைத்துத் திருத்துவாள்.

பார்வையாளர் நேரத்தில் அயல்வீட்டுச் சிவபாலன் வந்தார். வங்கி முகாமையாளராக இருந்தவர். ஒறேஞ்சும் பால்மாப் பேணியும் கொண்டுவந்திருந்தார். அந்த நாள் காரில் அந்தப் பக்கத்தால் போனவராம்.

"உங்களைக் கண்டனான் அண்ணை. நிப்பாட்டத்தான் பாத்தனான். பிறகு பாத்தா நிறைய ஆக்கள் நிண்டவை. ஆரும் பாப்பினம் எண்டு போயிட்டன்" என்று சொன்னார். குற்ற உணர்ச்சியே இல்லை. என்னிடம் இரக்கத்தை எதிர்பார்ப்பது போலவும் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கட்டில் அசைந்தது. ஒரே ஒரு ஆள் நின்றிருந்தால் சிவபாலன் நிறுத்தியிருப்பார். கன பேர் நின்றதால் நான் கிடந்தேன். நின்றவர் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து, இவர்கள் பேசாமல் நிற்கிறார்களே, அப்படியென்றால் பெரிய விசயமில்லை என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள். கூட்டம் என்றால் உதவி என்று நினைக்கிறோம். அங்கே கூட்டம் ஒரு வேலி. சிவபாலன் போனதும் ஒறேஞ்சுப் பையை இடது கையால் தட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பொறுக்கித் தந்தார்.

இந்த நாட்களில்தான் தேத்தண்ணிக் கடைக்காரர் வாசுகிக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் நியாஸோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தேன் என்று. அவள் டொக்டரிடம் போனாள். நேரம் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள். டொக்டர் மறைக்கவில்லை. அன்று பின்னேரம் அவள் நேரே தரிப்பிடத்துக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் நியாஸைக் கேட்டாள். மற்றவர்கள் பேசினார்கள். ராசன்தான் கூடுதலாகக் கதைத்தானாம்: ஐயாவின் கை போனது இவனால்தான், இப்படியான ஆளை வைத்திருந்தால் தரிப்பிடத்துக்குக் கூடாத பெயர். காலில் பிடி என்றபோது அசையாதவன்.

அடுத்த நாள் நியாஸ் வாட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். வாசுகி எழுந்து வழி மறித்தாள். மற்ற நோயாளிகளுக்காகக் குரலை அடக்கினாள், அதனால் அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

"ஒரு நேரம். ஒரேயொரு நேரம் சொல்லியிருந்தாக் காணும். உங்களுக்கு அப்பா என்ன பிழை செய்தவர்?"

நியாஸ் அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது என்னிடம் சில சொற்கள் திரும்பி வந்திருந்தன. பிள்ளை, தண்ணி, ஓம், இல்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருந்தார். ஒரு "இல்லை" போதும். என் பக்கம் விரலைத் திருப்பினால் போதும். நான் கண்ணை மூடினேன். நித்திரை மாதிரிக் கிடந்தேன். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும்வரை திறக்கவில்லை.

ஏன் என்று பல முறை என்னைக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். மகள் எனக்காகக் கோபப்படுவது இதமாக இருந்தது. அநியாயம் செய்யப்பட்டவனாக மட்டும் இருக்க ஆசைப்பட்டேன். ரோட்டில் என்னைச் சுற்றி நின்றவர்களை இவ்வளவு திட்டுகிறேனே, அவர்களுக்காவது பயம் என்ற காரணம் இருந்தது. என் கட்டிலுக்கு எதிரே ஒரு மனிதர் விழுந்துகொண்டிருந்தார். நான் நன்றாகப் படுத்திருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தடியோடு நடக்கத் தொடங்கினேன். வலது கை மடங்கிப்போய் அப்படியே இருக்கிறது. பேச்சு மெல்ல மெல்ல வந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. ஒரு நாள் வாசுகி பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பாடு போடும்போது சொன்னாள்: நியாஸைத் தரிப்பிடத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம், அவர் கிண்ணியாப் பக்கம்தான் ஓடுகிறாராம், அங்கே ஏற ஆளில்லை, ஓட்டமே இல்லையாம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அன்று அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வசனம், அதை யார் கற்றுக்கொடுத்தது, வாட்டில் கண் மூடியது. சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவள் இடையில் உதவவில்லை. சொல் வராமல் நான் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்கிறவள், அன்று கொடுக்கவில்லை.

"என்னை வச்சு அந்த மனிசனை அடிச்சிருக்கிறீங்கள், அப்பா" என்றாள். குசினிக்குள் போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினாள்.

சனிக்கிழமை அவளே ஓட்டோ பிடித்தாள். கிண்ணியாவுக்குப் போனோம். நியாஸ் வீட்டு முற்றத்தில் ஓட்டோ நின்றது. அவர் எங்களை உள்ளே இருத்தினார், மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். வாசுகி முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு நான் கேட்டேன். அவர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரம் எனக்குத் தெரியும் ஐயா. கடை ரேடியோவில செய்தி தொடங்கின நேரம்தான் நீங்க விழுந்தீங்க. சொல்லத்தான் வாயத் திறந்தன். அந்தப் பொலிஸ்காரரக் கண்டதும் வாயில வந்தது நீங்க தந்தது. உங்கட கைய நினைச்சா எனக்கு நித்திரை வராது. ஆனா வாட்டில நீங்க முழிச்சிருந்தீங்க. அது எனக்குத் தெரியும்."

நான் ஓம் என்றேன்.

"இங்க வந்து என்னட்டச் சொல்லி என்ன செய்ற? அங்க போய்ச் சொல்லுங்க. அவங்கட முன்னால."

திங்கட்கிழமை போனேன். வாசுகி லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். தரிப்பிடத்தில் எல்லாரும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். கதிரை போட்டார்கள். நான் இருக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்தது பிழை என்றேன். நியாஸ் சொன்னது என் பொய்யை என்றேன். நான் விழும்போது நியாஸ் மட்டும் பார்க்கவில்லை, நீங்களும் பார்த்தீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை, தூக்கினவரைத்தான் துரத்தினீர்கள் என்றேன். இவ்வளவையும் சொல்ல ஒருவருக்கு ஓட்டம் வந்து போய்த் திரும்பும் நேரம் எடுத்தது.

"பழங்கதையை விடுங்கோ ஐயா" என்றான் ராசன். "நடந்தது நடந்து போச்சு."

விடமாட்டேன் என்றேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டேன், நீதிமன்றத்தில் சாட்சியைக் கூப்பிடுவதுபோல. நான் விழக் கண்டாயா? ஒருவன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். ஒருவன் கடைக்குள் போனான். மானைத் துரத்திய இளந்தாரியின் பெயர் எனக்குத் தெரியாது, அவனைக் கையால் காட்டிக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஓம் கண்டனான் என்றான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியில் ராசனும் சொன்னான். சொல்லிவிட்டுக் கோபத்தோடு, சரி, அவரை வரச் சொல்லுங்கோ, அவற்ற இடம் இருக்குது என்றான்.

வாசுகி நியாஸுக்கு அழைப்பெடுத்துத் தொலைபேசியை என் காதில் வைத்தாள். நடந்ததைச் சொன்னேன். இடம் தருகிறார்கள் என்றேன்.

"வரமாட்டன் ஐயா. அவங்களோட நிண்டா நானும் அவங்களப் போலத்தான் நிப்பன்" என்றார். வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்று ராசன் கேட்டான்.

சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும், கேட்பவர்களுக்குக் கசந்தாலும் சொல்லவேண்டும். என் தொழிலில் அதுதான் ஒழுங்கு. நியாஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். நாக்கு இழுபட்டது. முடியும்வரை எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.